மண்ணெண்ணெய் வாங்காத மூன்று நாட்கள்

1

தவக்காலத்தின் இரண்டாம் வாரத்தில் மார்க்குஸ் எனக்கு ஒரு செய்தி அனுப்பினான். ரைன் நதிக்கரையில் உள்ள இந்தச் சிறு நகரத்தில், பொதிகள் பிரிக்கும் கிடங்கொன்றில் என்னோடு காலை வேலை செய்பவன். செய்தி இதுதான்: வருகிற வியாழக்கிழமை இந்த நாட்டில் ஒருவரும் பெற்றோல் நிரப்பக்கூடாது. ஒரே ஒரு நாள் எல்லோரும் ஒற்றுமையாக நின்றால் கொம்பனிகள் விலையை இறக்கியே ஆகவேண்டும். படித்துவிட்டுப் பத்துப் பேருக்கு அனுப்புங்கள்.

எனக்குத் தேதிகளில் ஒரு பைத்தியம் உண்டு. எந்தச் செய்தி வந்தாலும் முதலில் அது எப்போது பிறந்தது என்று தேடுவேன். கைப்பேசியில் பழையவற்றைக் கிளறினேன். இதே செய்தி, இதே வசனங்களோடு முன்பும் எனக்கு வந்திருக்கிறது. ஒரு தடவை கோடையில், இன்னொரு தடவை நத்தாருக்கு, அதாவது கிறிஸ்துமஸுக்கு, முன்னால். கிழமை மட்டும் மாறியிருந்தது. தேதி போடாமல் கிழமையை மட்டும் போட்ட செய்திக்குச் சாவே இல்லை. ஒவ்வொரு வாரமும் ஒரு வியாழக்கிழமை வந்துகொண்டுதானே இருக்கிறது.

இதை மார்க்குஸிடம் சொன்னேன்.

“நீ எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ் கேட்கிறவன்” என்றான். “அதை விடு. வியாழக்கிழமை நிரப்புவாயா, மாட்டாயா?”

“மாட்டேன்” என்றேன். ஒற்றுமை என்று ஒருவன் வந்து கேட்கும்போது முகத்துக்கு நேரே மறுக்க எனக்கு வராது.

புதன்கிழமை வேலை முடிந்து பெற்றோல் நிலையத்துக்குப் போனேன். வரிசை தெருவரைக்கும் நின்றது. எனக்குச் சற்று முன்னால் மார்க்குஸின் கார். என்னைக் கண்டு கண்ணாடியை இறக்கிக் கை காட்டினான். வெட்கப்பட்டதாகத் தெரியவில்லை. நாளைக்கு வாங்கக்கூடாது, ஆகையால் இன்றைக்கு வாங்குகிறோம். இந்த நாட்டில் பெற்றோல் விலை ஒரே நாளுக்குள் பல தடவை ஏறி இறங்கும். நாங்கள் வரிசையில் நிற்கும்போதே பலகையில் எண்கள் மாறின. ஏறித்தான் மாறின. பின்னாலிருந்து யாரோ ஹோர்ன் அடித்தார்கள். யாருக்கு அடித்தார்கள் என்று தெரியவில்லை. பலகைக்காகவும் இருக்கலாம்.

2

வீட்டில் மகள் அனிற்றா கேட்டாள். “எங்க இவ்வளவு நேரம்?”

சொன்னேன். அவள் குளிர்சாதனப் பெட்டியின் கதவைக் காட்டினாள். அதில் பங்குக் கோயிலின் அறிவித்தல் ஒன்றை ஒட்டிவைத்திருந்தாள். இங்கே தவக்காலத்தில் கார் ஒறுத்தல் என்று ஒன்று நடக்கிறது. நாங்கள் இறைச்சியை விடுவதுபோல, விரும்பியவர்கள் உயிர்த்த ஞாயிறு வரை காரைத் தொடாமல் இருப்பார்கள். அனிற்றா கோயிலுக்கு வருவது குறைந்துவிட்டது. ஆனால் இந்த ஒறுத்தலை மட்டும் விடமாட்டாள். பனியிலும் சைக்கிளில் பள்ளிக்கூடம் போகிறாள்.

“விலை குறையக்கூடாது அப்பா” என்றாள். “கூடவேணும். கூடினாத்தான் சனம் விடும்.”

“விடியக்காலமை நான் வேலைக்குப் போற நேரம் பஸ் இல்லைப் பிள்ளை.”

“அப்ப பஸ்ஸுக்குச் சண்டை பிடியுங்கோ. ஏன் பெற்றோலுக்குப் பிடிக்கிறீங்கள்?”

அதன் பிறகு அவள் ஜெர்மன் மொழிக்கு மாறிவிட்டாள். ஆசையாகக் கேட்பதென்றால் தமிழ், வாதாடுவதென்றால் ஜெர்மன். நான் அந்த மொழியில் வாதாடினால் வினைச்சொல் வசனத்தின் கடைசியில் வந்து சேர்வதற்குள் அவள் அடுத்த கேள்விக்குப் போய்விடுவாள்.

பஸ் இல்லை என்பதை நான் வரிக் கந்தோருக்கும் நிரூபிக்க வேண்டியிருந்தது. வேலைக்குப் போகும் தூரத்துக்கு வரியில் சிறு கழிவு உண்டு. காரில்தான் போகவேண்டுமா என்று கேட்டு எழுதினார்கள். பஸ் நேர அட்டவணையைப் பிரதி எடுத்து அனுப்பினேன். எந்தத் தேதியிலிருந்து செல்லுபடியாகும் என்று அச்சிட்ட மேல்வரி பிரதியில் விழவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். தேதிப் பைத்தியம் என்று பெயர் எடுத்தவனுக்கு இப்படி நேர்ந்ததை மனைவி இன்னும் சொல்லிச் சிரிக்கிறாள்.

அனிற்றாவின் சபதம் காரோடு நிற்பதில்லை. விமானத்திலும் ஏறமாட்டாள். கடைசியாக மன்னாருக்குப் போனபோது அவளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. என் அக்கா றீற்றாவை, அதாவது தன் மாமியை, அதன் பிறகு அவள் கைப்பேசித் திரையில்தான் பார்த்திருக்கிறாள்.

3

அந்த வாரமே மன்னாரிலிருந்தும் ஒரு செய்தி வந்தது. அதுவும் எரிபொருள் பற்றியதுதான்.

எங்கள் ஊர் மன்னார்த் தீவின் வடகரையில் இருக்கிறது. றீற்றா அக்கா அங்கே ஒரு பைபர் வள்ளத்துக்குச் சொந்தக்காரி. அத்தானுக்கு இடுப்பில் அடிபட்ட பிறகு அவர் கரையில் இருந்து கிழிந்த வலை பொத்துகிறார். கடலுக்கு இரண்டு பேர் போகிறார்கள். ஒருவர் ஊர்க்காரர், அத்தானின் தம்பி யேசுதாசன். மற்றவர் செல்வராசு. மலையகத்திலிருந்து வந்து கட்டுக்கரைக் குளத்துப் பக்கம் குடியேறிய குடும்பம். அறுவடை நாட்களில் வயலில் மூட்டை தூக்குவார், மற்ற நாட்களில் அக்காவின் வள்ளத்தில் வலை இழுப்பார். வள்ளத்தின் எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடுகிறது. எங்கள் கரையின் எல்லா வள்ளங்களும் அப்படித்தான். மண்ணெண்ணெய் விலை ஏறினால் முதலில் நிற்பது விளக்கல்ல, எஞ்சின்தான்.

மறுத்து நிற்பது எங்கள் கரைக்குப் புதிது. போர்க்காலத்தில் எண்ணெய்க்கு இராணுவத்திடம் பாஸ் எடுக்கவேண்டும். எவ்வளவு எண்ணெய், எவ்வளவு தூரம் என்பதை அவர்கள் தீர்மானித்தார்கள். பிறகு இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டிலேயே எண்ணெய் இல்லை. பெற்றோல் செட்டுக்கு முன்னால் கலன்களைக் கயிற்றில் கோத்து வைத்துவிட்டு ஆட்கள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார்கள். அந்தக் காலங்களில் ‘விற்கமாட்டோம்’ என்ற சொல்லைத்தான் நாங்கள் கேட்டோம். ‘வாங்கமாட்டோம்’ என்று சொல்வதற்கு முதலில் கடையில் பொருள் இருக்கவேண்டும், வாங்கும் உரிமை இருக்கவேண்டும். ஆகவே கரைச் சங்கம் மண்ணெண்ணெய் வாங்குவதில்லை என்று தீர்மானித்திருக்கிறது என்று கேட்டபோது எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. மாத முடிவில் அரசாங்கம் எரிபொருள் விலையைத் திருத்தும். அதற்கு முன்னால், புதன் முதல் வெள்ளி வரை மூன்று நாள், கரை முழுவதும் ஒரு துளி வாங்காமல் இருப்பது. செய்தி கொழும்புக்குப் போகும், விலை இறங்கும்.

வெளிநாடுகளில் இருக்கும் ஊர்க்காரர்களுக்கென்று கைப்பேசியில் ஒரு குழு இருக்கிறது. பாரிசிலிருந்தும் லண்டனிலிருந்தும் வாழ்த்துகள் குவிந்தன. நானும் “உறுதியாக நில்லுங்கள்” என்று எழுதினேன். எழுதிய நேரம் புதன் அதிகாலை, நான் அன்றைக்கு மாலை வரிசையில் நிற்கப்போகிறேன் என்பது இன்னும் எனக்கே தெரியாத நேரம்.

4

இனி வருவதை அக்கா, அத்தான், சங்கத் தலைவர் சூசை ஆகிய மூவரிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன். கரையில் நடந்ததில் பெரும்பாலும் மூவரும் ஒத்துப்போகிற இடங்களையே எடுத்திருக்கிறேன். கடலில் நடந்தது அக்கா சொன்னது. ஒத்துப்போகாத இடங்கள் நிறைய.

தீர்மானம் செவ்வாய் மாலைதான் எடுக்கப்பட்டது. இளம் ஆட்கள் கூட்டத்தில் சூடாகப் பேசினார்கள், கை தூக்கினார்கள், கோயில் ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார்கள். அன்று மத்தியானமே இரண்டு வள்ளங்கள் நண்டு வலை போட்டுவிட்டுத் திரும்பியிருந்தன. மற்றவர்கள் அன்றைக்குப் போட்டது, போட்டவுடன் இழுத்துக் கொண்டுவரும் வலை. நண்டு வலை அப்படியல்ல. இன்றைக்குக் கடலின் அடியில் கிடத்திவிட்டு நாளைக்குப் போய் எடுக்கவேண்டும். அந்த இரண்டு வள்ளங்களில் ஒன்று அக்காவுடையது. மற்றது சூசையுடையது. இரண்டு பேருடைய வலைகளும் பக்கத்துப் பக்கத்தில் கிடந்தன.

புதன் இரவு இழுவைப் படகுகள் வரும் இரவு. கடலுக்கு அக்கரையிலிருந்து அவை வரும் கிழமைகள் எங்கள் ஆட்களுக்கு மனப்பாடம். வந்தால் அடியில் கிடக்கும் வலையை வாரிக்கொண்டு போய்விடும். அக்காவின் வீட்டில் இருந்தது அந்த ஒரு தொகுதி வலைதான். போனால் இந்தப் பருவத்துக்குத் தொழில் இல்லை.

புதன் காலை அக்கா கரைக்குப் போனார். வலைகள் வைக்கும் குடிசையான வாடிக்கு முன்னால் சூசையும் பத்துப் பன்னிரண்டு பேரும் கதிரை போட்டு இருந்தார்கள்.

“சூசையண்ணை, நான் வலை எடுக்கப் போறன்” என்று அக்கா சொன்னார்.

“எண்ணெய் வாங்கக்கூடாது எண்டெல்லோ முடிவு.”

“நான் வாங்கேல்லை. கலனில நேத்து மிஞ்சினது கிடக்கு.”

“மிஞ்சினது எல்லாற்ற கலனிலயும் கிடக்கு. உனக்கு விட்டா எல்லாரும் ஓடுவாங்கள். பிறகென்ன பகிஷ்கரிப்பு?”

“அறிவிச்சது என்ன? வாங்கிறேல்லை எண்டு. கடலுக்குப் போறேல்லை எண்டு ஆர் சொன்னது?”

யாரோ ஓர் இளைஞன் குறுக்கே சொன்னான். “ரீச்சர், சங்கத்துக்குப் பாடம் எடுக்கிறீங்களோ?”

“நான் ரீச்சரா இருந்தா நீ இன்னும் மூண்டாம் வகுப்பிலதான் இருப்பாய்” என்றார் அக்கா. சிரிப்பு எழுந்தது. சூசை சிரிக்கவில்லை.

“என்ர வலையும் அங்கதான் கிடக்கு றீற்றா. உன்ர வலைக்குப் பக்கத்தில. நான் போறனோ? தலைவர் எண்டு இருந்துகொண்டு நானே போனா நாளைக்கு ஆர் என்னை மதிப்பான்?”

“உங்களுக்கு இன்னொரு வலை வீட்டில கிடக்கு. எனக்கில்லை.”

சூசை திரும்பி யேசுதாசனைப் பார்த்தார். யேசுதாசன் வள்ளத்துக்குப் பக்கத்தில் நின்று மணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் சங்க உறுப்பினர். “மச்சாள், என்னால ஏலாது” என்றார். “நாளைக்கு என்ர பிள்ளையின்ர முதல் நன்மைக் கொண்டாட்டத்துக்கு ஒருத்தரும் வாசலுக்கு வரமாட்டினம்.”

எங்கள் கரையில் இப்படி ஒதுக்கிவைப்பது வெறும் பேச்சல்ல. வள்ளத்தைக் கரைக்கு ஏற்ற ஆள் வேண்டும். கடலில் எஞ்சின் நின்றால் இழுத்துவர இன்னொரு வள்ளம் வேண்டும். ஒருவரோடும் பேசாமல் நகரத்தில் வாழலாம், நான் வாழ்ந்து பார்த்திருக்கிறேன். கரையில் முடியாது.

செல்வராசு மட்டும் தயாராக நின்றார். “சங்கம் ஒங்களுக்குத்தானுங்களே அக்கா” என்றார். “நான் அதுல உறுப்பினரும் இல்ல, என்னைய யாரும் கேக்கவும் இல்ல. இன்னிக்கி வேலை இல்லைன்னா சொல்லுங்க, கட்டுக்கரைக்குப் போயி மூட்டை தூக்குறேன். அறுப்பு நடக்குது.”

அவர் போனால் அறுவடை முடியும்வரை திரும்பமாட்டார் என்பது அக்காவுக்குத் தெரியும். ஆனால் ஒருவரால் நண்டு வலை எடுக்க முடியாது. ஒருவர் எஞ்சின் பிடிக்கவேண்டும், ஒருவர் இழுக்கவேண்டும்.

அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வள்ளத்தில் ஏறினார்.

“பொம்பிள வள்ளத்தில ஏறுறதோ!” என்று ஒரு குரல்.

“ஓம். வள்ளம் என்ர பேரில தானே பதிஞ்சு கிடக்கு. பதியேக்க ஒருத்தரும் இறங்கு எண்டு சொல்லேல்லை.”

தள்ளிவிட ஒருவரும் வரவில்லை. அத்தான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமும், செல்வராசு மறுபக்கமும் தள்ளினார்கள். வெளிச்சத்தில், எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர்கள் போனார்கள்.

5

அக்காவுக்கு எஞ்சின் பிடிக்கத் தெரியும் என்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அவர்கள் தங்கள் வலையை எடுத்து முடித்தார்கள். பக்கத்தில் சூசையின் மிதப்புக்கட்டைகள் ஆடிக்கொண்டிருந்தன. மற்றவருடைய வலையைத் தொடுவது எங்கள் கரையில் களவுக்குச் சமம். சொல்லாமல் தொட்டதற்காகக் குடும்பங்கள் தலைமுறையாகப் பேசாமல் இருக்கின்றன. செல்வராசு அதைச் சொல்லித் தடுத்தார். “அக்கா, இது வேணாங்க. அப்பறம் திருடின்னு சொல்லுவாங்க.”

“சொல்லட்டும்” என்றாராம் அக்கா. “ராவைக்கு அவங்கள் வந்து வாரிக்கொண்டு போனாப் பிறகு, நான் பக்கத்தில நிண்டு பாத்துக்கொண்டு வந்தனான் எண்டும் சொல்லுவினம். ரெண்டில எது சொல்லுறது நல்லது?”

எடுத்தார்கள். வள்ளம் கரைக்குத் திரும்பியபோது வாடிக்கு முன்னால் கூட்டம் இன்னும் கூடியிருந்தது. நண்டு வாங்கும் கொம்பனியின் ஏஜென்டும் ஐஸ் பெட்டியோடு வந்து நின்றார். அன்றைக்கு எங்கள் கரையிலிருந்து அவருக்கு வேறு ஒரு நண்டும் கிடைக்கவில்லை. அக்காவின் கூடையைப் பார்த்ததும் வழக்கமான விலையைவிடக் கூட்டிச் சொன்னார். அக்கா கூடையை மூடினார். அவர் இன்னும் கொஞ்சம் கூட்டினார். அக்காவின் நண்டு பெட்டிக்குள் போனது.

பிறகு அக்காவும் செல்வராசுவும் இரண்டாவது வலையையும் அதன் நண்டுக் கூடையையும் தூக்கிவந்து சூசைக்கு முன்னால் மணலில் வைத்தார்கள்.

 இளம் ஆட்களுக்கு வேண்டியிருந்தது தண்டனை. அக்காவின் வள்ளத்தை ஒதுக்கிவைக்கவேண்டும் என்று காலையிலேயே பேச்சு எழுந்திருந்தது. சூசை வலையை எடுத்தால் அக்கா போனதை அவரே ஏற்றுக்கொண்டதாக ஆகும். எடுக்காவிட்டால் வலை அந்த வெயிலில் கிடந்து நாறும், அக்கா வலையைத் தொட்ட குற்றவாளியாகவும் ஆவார். அந்த நேரத்தில் தனக்கு வியர்த்துக் கொட்டியதாக சூசை என்னிடம் ஒப்புக்கொண்டார். வெயிலால் என்று சேர்த்துக்கொண்டார்.

கடைசியில் குனிந்து வலையைத் தோளில் போட்டார். கூடையைத் தொடவில்லை.

“வலை என்ர” என்றார். “நண்டு எண்ணெயின்ர. அதை நான் எடுக்கமாட்டன்.”

“அப்ப எண்ணெய் வந்து எடுக்கட்டும்” என்றார் அக்கா.

இந்த முறை சூசைக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏஜென்ட் கூடையை நோக்கிக் கையை நீட்டினார். அக்கா தட்டிவிட்டார். கோயில் திருநாளுக்குச் சோறு சமைக்கும் கிடாரத்தை யாரோ உருட்டிக்கொண்டு வந்தார்கள். உப்பும் மிளகாயும் வந்தன. பகிஷ்கரிப்புக்காரர்கள் எல்லோரும் சுற்றி இருந்து நண்டு தின்றார்கள். வருடக்கணக்காகப் பிடித்து, எண்ணி, ஐஸில் போட்டு, வெளிநாட்டுக்கு ஏற்றிவிடுகிற நண்டை அவர்களே தின்று நீண்ட காலம். யேசுதாசன் ஒரு கால்கூடத் தின்னவில்லை என்று அத்தான் சொல்கிறார். தின்றார் என்று அக்கா சொல்கிறார்.

“றீற்றாவை என்ன செய்யிறது?” என்று அந்த இளைஞன் வாயில் நண்டோடு கேட்டானாம்.

“நான் வலையை எடுத்திட்டன்” என்றார் சூசை. “இனி எந்த வாயால குற்றம் சொல்லுறது?”

6

பகிஷ்கரிப்பு வெள்ளிக்கிழமைவரை சொன்னபடி நடந்தது. சனிக்கிழமை விடியமுன்னம் செட்டுக்கு முன்னால் கலன் வரிசை. மூன்று நாள் விற்காத எண்ணெயை ஒரு காலையில் விற்றுவிட்டார்கள். மார்க்குஸும் நானும் புதன்கிழமை செய்ததை அவர்கள் சனிக்கிழமை செய்தார்கள். நாங்கள் முன்னால், அவர்கள் பின்னால், அவ்வளவுதான் வித்தியாசம்.

ஆனால் மாத முடிவில் விலை உண்மையிலேயே இறங்கியது. கொஞ்சம்தான். எங்கள் குழுவில் பட்டாசுப் படங்கள் பறந்தன. “கரை வென்றது” என்று பாரிசிலிருந்து ஒருவர் எழுதினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. தேதிகளை ஒப்பிட்டேன். இங்கே எங்கள் தெருமுனைப் பலகையில் விலை இறங்கத் தொடங்கியது அங்கே அறிவிப்பு வருவதற்குச் சில நாட்களுக்கு முன்பே. உலகச் சந்தையில் மசகெண்ணெய் என்கிற கச்சா எண்ணெயின் விலை இறங்கியிருந்தது. எங்கள் கரையின் வள்ளங்கள் மூன்று நாள் நின்றதால் ஜெர்மனியில் பெற்றோல் மலிந்தது என்று யாரும் சொல்லமாட்டார்கள். அப்படியானால் மன்னாரில் மட்டும் எப்படிச் சொல்வது?

கையில் கிடைத்ததையெல்லாம் வாசித்துப் பார்த்தேன். எனக்கு விளங்கியது இவ்வளவுதான். எரிபொருளை ஒரு நாள் வாங்காமல் விடுவது, வாங்கும் தேதியை மாற்றுவது மட்டுமே. ஒரு கொம்பனியை மட்டும் புறக்கணித்தால் அதன் எண்ணெய் இன்னொரு கொம்பனியின் குழாய் வழியாக வரும். விலையில் கை வைக்கவேண்டுமென்றால் பல பேர், நீண்ட காலம், உண்மையாகவே குறைவாகப் பாவிக்கவேண்டும். அதைச் செய்யக்கூடியவர்கள் வேறு வழி உள்ளவர்கள். பஸ் உள்ளவர்கள், சைக்கிள் உள்ளவர்கள், வீட்டில் இருந்தே வேலை செய்யக்கூடியவர்கள். எண்ணெய் இல்லாமல் கடலுக்குப் போகமுடியாதவர் மறுத்தால் அவர் மறுப்பது எண்ணெயை அல்ல, தன் அன்றாடச் சோற்றை. எங்கள் கரை எண்ணெய்ச் சந்தையில் ஒரு துளி. நண்டுச் சந்தையில் அப்படியல்ல. அந்த வாரம் எங்களால் அசைந்த ஒரே விலை, புதன்கிழமை ஏஜென்ட் தானாகவே கூட்டிய நண்டு விலைதான்.

இதைச் சுருக்கிக் குழுவில் எழுதினேன். எழுதியிருக்கக்கூடாது.

“ஜெர்மன்காரர் கணக்குப் பாடம் தொடங்கிவிட்டார்” என்றார் ஒருவர். “சனத்தின் வெற்றியைப் பொறுக்கமுடியாதவர்கள்” என்றார் இன்னொருவர். “நீங்கள் அங்கே பெற்றோல் அடிக்காமல் விட்டீர்களா?” என்று மூன்றாமவர் கேட்டார். நான் கைப்பேசியைக் கவிழ்த்து வைத்தேன்.

ஆனாலும் அவர்கள் சொன்னதில் எதுவும் இல்லை என்று என்னால் தள்ளிவிட முடியவில்லை. ஒரு கரை முழுவதும் ஒரு சொல்லுக்குக் கட்டுப்பட்டு மூன்று நாள் நின்றதை இதற்கு முன் நான் என் வாழ்நாளில் கேள்விப்பட்டதில்லை. கொழும்பில் யாராவது ஒருவர் அதைக் கவனித்துக் குறித்துக்கொண்டிருக்கலாம். கவனித்தார் என்றோ கவனிக்கவில்லை என்றோ நிறுவ என்னிடம் தேதி எதுவும் இல்லை.

அன்று மாலை அக்காவிடம் வீடியோவில் பேசினேன். அனிற்றாவும் பக்கத்தில் வந்து இருந்தாள்.

“அக்கா, விலை குறைஞ்சது பகிஷ்கரிப்பாலயோ?”

“குறைஞ்சதைக் குறைச்சது ஆர் எண்டு கேட்டா இஞ்ச அடிபாடு வரும்” என்றார். “ஏறினா அரசாங்கம், இறங்கினா சங்கம். அப்பிடியே கிடக்கட்டும்.”

“மாமி” என்றாள் அனிற்றா, சொற்களைத் தேடித் தேடி. “மண்ணெண்ணெய் விலை கூட வேணும். அப்பத்தான் உலகத்துக்கு நல்லது.”

நான் அவள் கையைப் பிடித்தேன். அக்கா கோபப்படவில்லை.

“ஓமடி பிள்ளை, கூட்டுவம். அதுக்கு முதல் நீ வந்து என்ர வள்ளத்தில துடுப்புப் போடு. எஞ்சினைக் கழட்டி வைப்பம்.”

“நான் வருவன். பிளேனில இல்லை. ரெயினில.”

“ரெயின் கடலுக்குள்ளால ஓடுதோ?”

அனிற்றா கைப்பேசியில் உலகப்படத்தை விரித்துத் தேடத் தொடங்கினாள். எந்த நாடுகள் வழியாக, எங்கே கப்பல் ஏறலாம் என்று. அக்கா திரையின் அந்தப் பக்கத்தில் காத்திருந்தார். அவளுடைய விரல் துருக்கிவரை போய் நின்றது.

7

இப்போது உயிர்த்த ஞாயிறு கழிந்துவிட்டது. கோயில் கதவிலிருந்து கார் ஒறுத்தல் அறிவித்தலைக் கழற்றிவிட்டார்கள். எங்கள் வீட்டில் அது இன்னும் ஒட்டியபடி இருக்கிறது. மண்ணெண்ணெய் விலை இறங்கிய இடத்திலிருந்து திரும்பவும் ஏறியிருக்கிறது. மார்க்குஸ் புதிய செய்தி ஒன்றை அனுப்பியிருக்கிறான். இந்தத் தடவை திங்கட்கிழமையாம். நான் யாருக்கும் அனுப்பவில்லை. அவனோடு ஒரே காரில் வேலைக்குப் போகலாமா என்று கேட்கலாம் என நினைக்கிறேன். அவன் வானொலியைச் சத்தமாக வைப்பான் என்ற பயத்தில் இன்னும் கேட்கவில்லை.

இந்த யோசனை எனக்கு வந்தது அக்கா சொன்ன இன்னொரு செய்தியால். ஒரு காலை சூசை தன் கலனைத் தூக்கிக்கொண்டு அக்காவின் வள்ளத்துக்கு வந்தாராம். வலைகள் பக்கத்துப் பக்கத்தில்தானே கிடக்கின்றன, இரண்டு எஞ்சின் எதற்கு என்று கேட்டாராம். அந்தப் புதன்கிழமை அக்கா ஒரே ஓட்டத்தில் இரண்டு வலையையும் கொண்டுவந்ததை யாரும் அவருக்கு நினைவுபடுத்தவில்லை.  இப்போது ஒரு நாள் அக்காவின் வள்ளம், மறுநாள் சூசையின் வள்ளம். எண்ணெய் இரண்டு வீட்டிலிருந்தும் மாறி மாறி. வள்ளத்தில் செல்வராசுவும் சூசையின் ஆளும் போகிறார்கள். அத்தானின் தம்பி யேசுதாசன் இவர்களோடு முறை வைத்து மாறிக்கொள்கிறார். நண்டு விலையை ஏஜென்ட் பழைய இடத்துக்கு இறக்கப் பார்த்தபோது, இரண்டு வீட்டுக் கூடைகளும் சேர்ந்தே மூடியிருந்தன. மற்ற வள்ளங்களும் இப்படிச் சோடி சேருமா என்று தெரியவில்லை. சேர்ந்தாலும் கொழும்பில் விலை இறங்காது. இவர்கள் வாங்கும் எண்ணெய் குறையும், அது மட்டும் உறுதி.

நேற்று நான் அழைப்பு எடுத்த நேரம் அக்கா கரையில் நின்றார். கைப்பேசியைக் கையில் பிடித்தபடியே யாரோடோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார். எந்த வலையை முதலில் தூக்குவது என்பதுதான் சண்டை. முதலில் தூக்கும் வலையின் நண்டு முதலில் ஐஸுக்குப் போகும்.

“என்ர வலை முதல்” என்று சூசையின் குரல் கேட்டது. “இண்டைக்கு என்ர வள்ளம்.”

“வள்ளம் உங்கட எண்டா எண்ணெயும் உங்கடதா இருக்கவேணும்” என்றார் அக்கா. “கலனைத் திறந்து பாருங்கோ, ஆற்ற எண்ணெய் எண்டு.”

“தம்பி, பிறகு எடு” என்று என்னிடம் சொல்லிவிட்டு, கைப்பேசியை அணைக்க மறந்து, அவர் கலனைத் திறக்கப் போனார். நான் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தேன். வார்த்தைகள் தடித்தன. பிறகு எஞ்சின் ஒன்று, ஒரே ஒன்று, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது.